பழைய காரின் உட்புற நிறம்

கேள்வி: பழைய காரின் டேஷ்போர்டைப் புதுப்பிக்கிறேன். காரின் தகவல் தகட்டில் உள்ள நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கிய பெயின்ட், மற்றப் பாகங்களோடு பொருந்தவில்லையே, ஏன்?

பதில்: தாங்கள் பார்த்தது வெளிப்புற பெயின்டுக்கான குறியீடாக இருக்கலாம், பல கார்களில் உட்புறத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. குறியீடு சரியாகவே இருந்தாலும், பல ஆண்டு வெயிலில் வெளிறிய பாகங்களோடு புதுப் பூச்சு ஒத்துப்போகாது. ஆகவே முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: தொழிற்சாலை நிறமா, இன்றைய வெளிறிய நிறமா? எல்லாப் பாகங்களையும் பூசுவதானால் முன்னதே மேல் என்பது என் கருத்து. அந்த நிறம் ஆஷ்ட்ரேயின் பின்புறம், கைப்பிடியின் அடிப்பகுதி போன்ற வெளிச்சம் படாத இடங்களில் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். அத்தகைய பாகத்தைக் கழற்றி, மெழுகும் அழுக்கும் நீங்கத் துடைத்து, பெயின்ட் கடையில் நிறமானியில் (நிறத்தை அளக்கும் கருவி) அளந்து கலக்கச் சொல்லுங்கள்.

கலவையை நேரடியாகப் பூசாமல், அட்டையில் தெளித்து முழுமையாக உலர்ந்தபின், பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் ஒப்பிடுங்கள். ஓர் ஒளியில் ஒன்றாகத் தோன்றும் இரு பூச்சுகள் மற்றோர் ஒளியில் வேறுபடக்கூடும். பளபளப்பும் முக்கியம். நிறம் அச்சாகப் பொருந்தினாலும், மங்கலான பரப்பின் அருகே மினுமினுக்கும் பரப்பு வேறு நிறமாகவே கண்ணுக்குப் படும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு அதற்குரிய பிரைமர் (அடிப்பூச்சு) தேவை.