முகாமுக்கு இடம் பார்ப்பது இரவில்

கேள்வி: நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த நான்கு ஆண்டுகளில் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், மாமியார் ஆகியோருடன் பொன்முடி, வாகமண், கொழுக்குமலை எனப் பல இடங்களுக்குச் சென்று கூடாரங்களில் தங்கியிருக்கிறேன். இதை அறிந்த எங்கள் பங்குத்தந்தை, பங்கின் இளையோர் முப்பது பேரை இரண்டு நாள் கூடார முகாமுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பேச்சிப்பாறை அணைக்கரை, கணபதிபுரம் கடற்கரை, உறவினர் ஒருவரின் ரப்பர் தோட்டம் ஆகிய மூன்றும் பரிசீலனையில் உள்ளன. பெண்பிள்ளைகளின் பெற்றோர் தயங்குகிறார்கள். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குச் செல்வது நல்லதா, புதுப்புது இடங்களா? என் குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்லலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் பல இடங்களில் தங்கியவர் என்பது பெரிய பலம்தான். ஆனால் அங்கெல்லாம் கூடாரத்தை அடித்து, படுக்கையை விரித்து, இரவுக்கு வெந்நீரும் வைத்து உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் வேறு யாரோ என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகளோடு செல்லும்போது அந்த 'வேறு யாரோ' நீங்கள்தான். கொழுக்குமலையில் உங்களை வருத்தியது குளிர். நம் குமரி மாவட்டத்தின் சமவெளியில் உங்களை வருத்தப்போவது புழுக்கமும் கொசுவும் விடியற்காலைப் பனியும். எனவே அங்கே பெற்ற அனுபவத்தில் பாதியை மட்டுமே இங்கே செலவழிக்க முடியும்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முகாமுக்கான இடத்தைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் குடும்பத்தோடு ஓர் இரவு அங்கே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு, அதன் பிறகு பங்குத்தந்தையிடம் சம்மதம் சொல்லுங்கள்.

இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நாற்பது மாணவர்களுக்கு முகாம் அமைக்கக் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு தோப்பைப் பகல் பதினொரு மணிக்குச் சென்று பார்த்தோம். கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, இரண்டு கழிப்பறைகளும் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. இதைவிட என்ன வேண்டும் என்று மகிழ்ந்து முன்பணமும் கொடுத்துவிட்டோம். முகாமின் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்பவர் வழக்கம்போல மோட்டார் அறையைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பத்தரை மணிக்குத் தொட்டி காலி. போதாததற்கு, அடுத்த விளையில், அதாவது தோட்டத்தில், இருந்த அம்மன் கோவிலில் அன்றுதான் கொடைத் திருவிழா. குழாய் ஒலிபெருக்கி ஒன்று எங்கள் கூடாரங்களை நோக்கியபடி தென்னை மரத்தில் கட்டப்பட்டிருந்தது. வில்லுப்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் கையில் வாளியும் கயிறுமாகக் கிணற்றடியில் நின்று விடியும்வரை அதைக் கேட்க நேர்ந்தபோது அந்த மதிப்பு சற்றே சோதனைக்கு உள்ளாயிற்று. சாவியும் ஒலிபெருக்கியும் பகல் பதினொரு மணிக்குக் கண்ணில் படுகிற சங்கதிகள் அல்ல.

இந்தச் சோதனை இரவுக்கு உங்கள் மாமியாரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மடக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுபோய்விட்டால் அவருக்கும் தரையில் படுக்கும் சிரமம் இராது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து கழிப்பறைக்குச் செல்லும் வயதில் இருப்பவரைவிடச் சிறந்த பரிசோதகர் முகாமுக்குக் கிடைக்க மாட்டார். கூடாரத்திலிருந்து கழிப்பறைவரை அவர் டார்ச் விளக்கோடு நடந்து செல்லும் வழியில் எங்கே வேர் தட்டுகிறது, எங்கே வெளிச்சம் எட்டவில்லை, கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா என்பனவெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். அவர் அச்சமின்றி நடந்துபோக முடிகிற வழியில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையும் தோழியை எழுப்பி அழைத்துக்கொண்டு போய்வருவாள்.

இனி உங்கள் மூன்று இடங்களுக்கு வருகிறேன்.

பேச்சிப்பாறையை இப்போதே விட்டுவிடுங்கள். அணைக்கரை யாரும் கூடாரம் அடித்துக்கொள்ளக்கூடிய பொது இடமன்று. அணையைச் சூழ்ந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் பகுதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளை அரசு வகுத்தது. பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு காட்டுப்பாதையில் நடக்கவைத்து மாலைக்குள் திரும்பிவிடலாம். இரவுத் தங்கலை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோதையாறு, பரளியாறு ஆகியவற்றின் ஆற்றுப்படுகையில் உள்ள மணல்திட்டுகளும் வேண்டாம். மலையில் பெய்கிற மழையும் அணையிலிருந்து திறக்கப்படுகிற தண்ணீரும், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றை உயர்த்திவிடும்.

கடற்கரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மே மாதத் தொடக்கத்தில், நீங்கள் குறிப்பிடும் அதே கணபதிபுரம் பகுதியின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது புயலும் இல்லை, மழையும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வெகுதொலைவில் வீசிய காற்று எழுப்பிய நெட்டலைகள், பல நாள் பயணத்துக்குப் பின் நம் கரையில் வந்து ஏறும் நிகழ்வை நம் மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். அறிவிப்பில்லாமல் திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருவதுதான் வருத்தம். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கடலோரப் பங்குகளில் அந்த எச்சரிக்கையைக் கோவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் உண்டு. முப்பது பேரில் கடலை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தால்கூட, மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் துணிந்து இறங்குவார்கள். முதல் முகாமுக்குக் கடற்கரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிற்காலத்தில் போவதானால், கூடாரத்தின் முளைகள் மணலில் நிற்காது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் குறுக்குவாட்டில் புதைத்தால் காற்றுக்கு அசையாது.

ஆகவே எஞ்சுவது ரப்பர் தோட்டம். தனியார் இடம், உறவினர் கையில் இருக்கிறது, நிழலும் உண்டு என்பதால் உங்கள் பட்டியலில் அதுவே மேலானது. ஆனால் ரப்பர் மரம் பார்வைக்கு நெடுநெடுவென்று நின்றாலும் காற்றுக்குச் சட்டென்று முறிகிற இயல்புடையது என்பதை விளை வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள். மரவரிசைக்கு இடையே கூடாரம் அடிக்காமல், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு முன்னால் உள்ள களம் போன்ற திறந்த இடத்தைக் கேளுங்கள். கொட்டகையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் இருக்கும். அந்த அறை பூட்டியிருக்க வேண்டும். இன்னொன்று: பால் வெட்ட வருபவர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மரங்களுக்கு நடுவே ஒற்றை விளக்கு ஒன்று மெல்ல நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்வதைக் கூடாரத்தின் வலை வழியே பார்க்கும் பிள்ளைகள் முகாம் முழுவதையும் அலறி எழுப்பிவிடுவார்கள். முதல் நாள் மாலையிலேயே அந்தத் தொழிலாளரை அழைத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவிட்டு, காலையில் விருப்பமுள்ளவர்கள் அவரோடு நடந்து பால் வெட்டுவதைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பயம் போய், முகாமின் சிறந்த நிகழ்ச்சியாகவே அது அமையும். தோட்டத்தின் ஓரத்தில் தென்னைகள் இருந்தால் அவற்றின் கீழே மட்டும் கூடாரம் கூடாது; தேங்காய்க்கும் மட்டைக்கும் விழுகிற நேரம் தெரியாது.

காலம் என்று பார்த்தால், இரண்டு பருவமழையும் பெறுகிற நம் மாவட்டத்தில் பொங்கல் விடுமுறை முதல் பிப்ரவரி இறுதிவரை நம்பிக்கையான நாட்கள். மே மாதத்தில் பிற்பகல் இடியும் மின்னலும் வழக்கம்.

கூடாரங்களில் 'நால்வருக்கு' என்று எழுதியிருந்தால் அதில் மூவரைப் படுக்கவையுங்கள். தரையில் விரிக்கும் தார்ப்பாய், கூடாரத்தின் அடிப்பரப்பைவிட நான்கு விரலாவது சிறிதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழிகிற நீரை வாங்கி அப்படியே அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

கழிப்பறைக் கணக்கையும் போட்டுவிடுவோம். முப்பது பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் முந்நூறு நிமிடம். இரண்டே கழிப்பறை இருந்தால் காலையில் இரண்டரை மணி நேரம் வரிசையிலேயே போய்விடும். குறைந்தது நான்கு கழிப்பறைகளாவது வேண்டும். பெண்களுக்கானவை தனியே இருப்பதோடு, உள்ளே மூடியுள்ள குப்பைத்தொட்டியும் பழைய செய்தித்தாளும் வைக்கப்பட வேண்டும். மாதவிடாய் நாளாக இருக்குமோ என்ற கவலையால் முகாமுக்கு வர மறுக்கும் பெண்பிள்ளைகள் அநேகம். அவர்கள் காரணத்தைச் சொல்வதில்லை. குடிநீருக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு இருபது லிட்டர் கேன்கள் ஐந்து தேவைப்படும். உணவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கஞ்சியும் பயறும், அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் இருக்க, பிரியாணிக்கு ஆசைப்பட்டு இரவு பத்து மணிவரை அடுப்படியில் நிற்காதீர்கள்.

பிள்ளைகளை ஆறு பேர் கொண்ட ஐந்து அணிகளாகப் பிரித்துவிடுங்கள். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே, சுமார் இருபது சிறுவர்கள் நான்கு அணிகளாகத்தான் பிரிக்கப்பட்டார்கள். முப்பது தலைகளை இருட்டில் ஒருவர் எண்ணுவது கடினம். ஐந்து பேர் ஆளுக்கு ஆறு தலைகளை எண்ணி உங்களிடம் வந்து சொல்வது எளிது. உங்கள் மகள் இளையோரில் ஒருத்தியாக வந்தால், அவளை உங்கள் கூடாரத்திலோ உங்கள் நேரடிப் பார்வையில் உள்ள அணியிலோ வைக்காதீர்கள். அந்த இரண்டு நாளும் அவளுக்கும் நீங்கள் மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருங்கள். மகனையும் மாமியாரையும் வீட்டில் விட்டுவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் உங்கள் மனம் முப்பது பேரிடம் இருக்காது. குடும்பம் சோதனை இரவுக்கு, முகாம் இளையோருக்கு.

பெற்றோரின் தயக்கத்தைப் பேச்சால் போக்க முயல வேண்டாம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பெண்பிள்ளைகளின் கூடாரங்களுக்கு அருகில் இரவு முழுவதும் முறைவைத்து விழித்திருக்கும் இரண்டு பெண்கள் யார் யார், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி, மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம், இரவில் நிறுத்தி வைக்கப்படும் வாகனம் யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஆகிய எண்களோடு எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள். பாம்புக்கடி என்றால் கட்டுப்போடுவதோ கீறிவிடுவதோ இல்லாமல் நேராக மருத்துவமனைக்குத்தான் என்பதும் அதில் இருக்கட்டும். தயங்கும் தாய்மார்களில் இருவரையே அந்த இரவுக்காவலுக்கு அழையுங்கள். தந்தை ஒருவர் நினைத்தால் பைக்கில் அரை மணி நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற தூரத்தில் இடம் இருப்பதும், முதல் முகாம் ஒரே இரவாக இருப்பதும் மற்றெல்லா உறுதிமொழிகளையும்விட அவர்களுக்கு ஆறுதலளிக்கும்.

ஒரே இடமா, புது இடங்களா என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்துக்குப் புதுப்புது இடங்கள். இளையோருக்கு மூன்று ஆண்டுகளாவது ஒரே இடம். இரண்டாம் ஆண்டு அதே களத்துக்கு வரும் பதினைந்து வயதுப் பையன், "அங்க போடாத மக்கா, ராத்திரி தண்ணி அங்கதான் வந்து நிக்கும்" என்று புதிதாக வந்தவனைத் தடுப்பான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக அவன் ஓராண்டு காத்திருந்திருப்பான். இடத்தை ஆண்டுதோறும் மாற்றினால் எல்லோரும் எப்போதும் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். அதற்கிடையே உங்கள் குடும்பம் வேறு இடங்களில் தங்கி, நான்காம் ஆண்டுக்குரிய களத்தைத் தேடிக்கொண்டிருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமையே அந்த ரப்பர் தோட்டத்துக்குச் சென்று தங்கிப் பாருங்கள். போனதும் மோட்டார் அறையின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று உறவினரைக் கேட்டுவிடுங்கள். அப்படியே, பக்கத்துக் கோவிலில் கொடை எந்த மாதம் என்பதையும்.