கார்பன் அம்புக்கு அலுமினியப் பூண்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

அழகர்கோவில் ரோட்டுத் தோப்பில் போன மாதம் நடந்த ஞாயிறு பயிற்சியில் ஒரே காலையில் ஏழு கார்பன் அம்புகள் முன்பக்கம் உடைந்தன. என் அம்புகள் தப்பித்தன, காரணம் அவற்றின் முனைக்குப் பின்னால் ஒரு அங்குலத்துக்கு அலுமினியக் குழாய் மாட்டியிருந்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். இதற்கு ஆங்கிலத்தில் ஃபூட்டிங் என்று பெயர். நான் பூண் என்றே சொல்கிறேன். உலக்கை நுனி பிளக்காமல் இருக்க இரும்பு வளையம் போடுவார்களே, அந்தப் பூண்தான் இது, வேலையும் அதேதான்.

மேலூர் தம்பி: அண்ணே, கார்பன் அவ்வளவு வலுவானது என்கிறார்கள், அப்புறம் ஏன் முனைப் பக்கம் மட்டும் இப்படிப் பிளக்கிறது?

கார்பன் இழைகள் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் இழுத்தால் அசையாது, வளைத்தாலும் திரும்ப நிமிரும், ஆனால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரித்தால் மூங்கில் மாதிரி நெடுக்காகக் கீறிவிடும். கல்லிலோ கருவேல மரத்திலோ அம்பு மோதும்போது நடப்பது இதுதான். முனையைத் திருகி மாட்டுவதற்காக உள்ளே ஒட்டியிருக்கிறோமே, இன்சர்ட், அதைப் பின்பக்கமாக அடித்துத் தள்ளுகிறது மோதல். தண்டின் வாய் விரிகிறது, கீறல் விழுகிறது. சாய்வாகப் பட்டால் இன்னொரு வகை: இன்சர்ட் முடிகிற இடத்தில் தண்டு ஒடியும், ஏனென்றால் அதுவரை உலோகம் தாங்கிப் பிடித்திருக்கிறது, அதற்கு அப்பால் வெறும் குழாய். பூண் வெளியிலிருந்து இறுக்கிப் பிடிப்பதால் முதல் வகை கிட்டத்தட்ட நின்றுவிடும். இரண்டாவது வகை குறையும், முழுதாக நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பூண் போட்டால் அம்பு உடையவே உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உசிலம்பட்டி: எந்த அளவுக் குழாய் வாங்குவது? கடைக்காரர் 2117 என்கிறார், நண்பர் 2016 என்கிறார்.

இரண்டு பேரும் உங்கள் தண்டை அளக்காமல் சொல்கிறார்கள். அந்த எண் ஈஸ்டன் அலுமினிய அம்புகளின் அளவுக் குறியீடு. முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், 1 அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பது. கடைசி இரண்டு இலக்கம் சுவரின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்பது. அப்படியானால் 2117 என்றால் 21/64 அங்குலம், அதாவது 8.33 மி.மீ. வெளிவிட்டம், சுவர் 0.43 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் இருக்கிறதல்லவா, இரண்டு மடங்கைக் கழித்தால் உள்விட்டம் 7.47 மி.மீ. இதே கணக்கில் 2016-க்கு 7.12, 2018-க்கு 7.02, 2219-க்கு 7.77, 2216-க்கு 7.92 வரும்.

இனி உங்கள் கார்பன் தண்டின் வெளிவிட்டத்தை வெர்னியர் வைத்து இரண்டு மூன்று திசையில் அளங்கள். ஒரே ஸ்பைன் எண் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) போட்ட தண்டுகூட கம்பெனிக்குக் கம்பெனி பருமன் மாறும், அதனால் "500 ஸ்பைனுக்கு எந்தக் குழாய்" என்று கேட்பதில் பயனில்லை. என் தண்டு 7.4 மி.மீ., 2117 மாட்டினேன், 0.07 இடைவெளி, பசைக்குச் சரியான இடம். 0.05-லிருந்து 0.1 வரை நல்லது. 0.2-க்கு மேல் ஆடினால் பசையை நம்பி ஓட்டாதீர்கள், பூண் கோணலாக உட்கார்ந்துவிடும், அப்புறம் அம்பு நேராகப் போகாது.

கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்? ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி அலுமினியத்தின் உள்பக்கத்தைத் தேயுங்கள். கார்பனைத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டாம், இழையை அறுத்துவிட்டு அதன் மேல் பூண் போடுவதில் என்ன பயன்?

குழாய்க்குப் புது அம்பு வாங்க வேண்டியதில்லை. பயிற்சி மையங்களில் வளைந்துபோன அலுமினிய அம்புகள் மூலையில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஒரு அம்பில் நேராக இருக்கும் பகுதியை வெட்டினாலே ஒரு டஜன் பூண் தேறும்.

திருமங்கலம் அக்கா ஒருவர்: எத்தனை அங்குலம் வெட்டுவது? நீளமாகப் போட்டால் இன்னும் வலுவாகுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் காத்திருந்தேன் அக்கா. நீளத்தை இன்சர்ட்டை வைத்து முடிவு செய்ய வேண்டும். உள்ளே இன்சர்ட் 25 மி.மீ.-இல் முடிகிறது, வெளியே பூணும் 25-இல் முடிகிறது என்று வையுங்கள், இரண்டு முடிவும் ஒரே வட்டத்தில் விழுகின்றன, அந்த வட்டத்தில்தான் தண்டு ஒடியும். நானே முதல் அரை டஜனை இப்படிச் செய்து கெடுத்தேன், ஆறில் நான்கு பூண் ஓரத்தில் கத்தி வைத்து வெட்டியதுபோல ஒடிந்தன. பூண், இன்சர்ட்டைத் தாண்டி 6, 7 மி.மீ. போக வேண்டும். இன்சர்ட் 25 என்றால் பூண் 32. ரொம்ப நீளமான இன்சர்ட் என்றால் மாற்றிச் செய்யலாம், பூணைக் குட்டையாக விடலாம், இரண்டும் ஒரே இடத்தில் முடியாமல் இருந்தால் போதும்.

இரண்டு அங்குலம் மூன்று அங்குலம் என்று இழுக்க வேண்டாம். நாம் எய்வது கையின் மேலோ வில்லின் தட்டின் மேலோ அம்பை வைத்து. நாணை முழுதாக இழுக்கும்போது பூண் தட்டுக்கு வந்துவிட்டால் டக் என்று இடிக்கும், அம்பின் உயரமும் அரை மி.மீ. மாறும். முழு இழுப்பில் பூணின் பின் ஓரம் வில்லுக்கு முன்னால் ஒரு விரல்கடையாவது தள்ளி நிற்கட்டும்.

பின் ஓரத்தை அரம் வைத்துச் சரிவாக்குங்கள். குறியிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது அந்த ஓரம்தான் வைக்கோலில் மாட்டும். முன்பக்கம் பூணும் இன்சர்ட்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், முனையின் தோள் இரண்டின் மேலும் ஒன்றாக உட்காரும்படி. 2117-க்கு 21/64 முனை பொருந்தும். 5/16, அதாவது 20/64 முனை போட்டால் பூணின் விளிம்பு வெளியே தெரியும், கல்லில் பட்டால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து பின்னால் போகும்.

சோழவந்தான்: எந்தப் பசை அண்ணே?

இரண்டு டியூப் கலக்கிற எபாக்ஸி, நம் ஊரில் அரால்டைட் என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகுவதைவிட ஒரு நாள் எடுத்துக்கொள்கிற சாதாரண வகை நல்லது. கார்பனில் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் உப்புத்தாள், அலுமினியத்தின் உள்ளேயும் கொஞ்சம், இரண்டையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, அதற்கப்புறம் விரல் படாமல் பசை தடவி, சுழற்றிக்கொண்டே மாட்டுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம், மோதலில் நொறுங்கிவிடும்.

சூடு காட்டி உருக்கி ஒட்டும் பசையைப் பலர் விரும்புகிறார்கள், பிடிக்காவிட்டால் கழற்றலாம் என்று. உண்மைதான், ஆனால் கத்திரி வெயிலில் மதுரையில் காரை வெளியே நிறுத்தி உள்ளே அம்பை வைத்தால் அந்தப் பசை இளகிவிடும். கழற்றுவதற்குச் சூடு காட்டும்போதும் கார்பனின் பிசின் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது.

பசை சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்பனும் அலுமினியமும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வியர்வையோ மழைநீரோ புகுந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், வெள்ளைப் பொடியாக வெளியே தெரியும். நடுவே பசைப் படலம் இருந்தால் அது நடக்காது.

வாடிப்பட்டி: எடை கூடுமே, அம்பு போகிற வழி மாறாதா?

மாறும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2117 குழாய் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் அலகு), ஒரு கிராமுக்கும் குறைவு. 32 மி.மீ. பூணும் பசையும் சேர்ந்து 16, 17 கிரெயின் என்று வையுங்கள். அது முழுவதும் முன்பக்கம் ஏறுவதால் அம்பின் எடைமையம் கொஞ்சம் முன்னால் நகரும், தண்டு எய்யும்போது கூடுதலாக வளையும், அதாவது விறைப்புக் குறைந்த தண்டு போல நடந்துகொள்ளும். வலது கைக்காரருக்கு, சோதனைக்கு எய்யும் இறகில்லாத அம்பு வலப்பக்கம் விலகி விழுந்தால் அதுதான் அறிகுறி. 125 கிரெயின் முனையை எடுத்துவிட்டு 100 போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். தண்டைக் குறைக்க வேண்டுமென்றால் நாக் (நாணில் மாட்டும் பின்முனை) பக்கம் வெட்டுங்கள், பூண் போட்ட பக்கத்தைத் தொடாதீர்கள். ஒரு டஜனில் பாதிக்குப் பூண், பாதிக்கு இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அம்புகள் ஒரு நாளும் ஒரே இடத்தில் விழாது.

நத்தம்: ஏற்கெனவே லேசாகக் கீறல் விழுந்த அம்பு. மேலே பூண் போட்டு மறைத்துவிடலாமா?

கூடாது தம்பி. தயவுசெய்து வேண்டாம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் என் அம்பு ஒன்று வேலிக்கல்லில் உரசிப் போனது. கையால் துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, மறுபடி எய்தேன். நாண் விட்ட கணத்தில் தண்டு நடுவில் வெடித்து, என் இடது கையில் பெருவிரலுக்குப் பக்கத்துச் சதையில் ஏறியது. எக்ஸ்ரேயில் கார்பன் இழை தெளிவாகத் தெரியவில்லை, டாக்டர் கீறிக் கீறித்தான் எடுத்தார். மூன்று மாதம் வில்லைத் தொடவில்லை. இன்றைக்கும் குளிர் நாளில் அந்த இடம் வலிக்கும்.

அதனால் பூண் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிலாவது மோதிய ஒவ்வொரு அம்பையும் எடுத்தவுடன் இரண்டு முனையையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் வைத்து, லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காது கொடுங்கள். நொறுநொறு சத்தம் வந்தால் அங்கேயே இரண்டாக ஒடித்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது. பஞ்சை நெடுக ஓட்டிப் பார்த்தால் பிரிந்த இழை மாட்டும். கீறல் வாயருகில் மட்டும் என்றால், நல்ல பகுதி வரை தாராளமாக வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி இன்சர்ட் ஒட்டிப் பூண் போடலாம், நீளம் உங்கள் இழுப்புக்குப் போதுமானால். வெட்டும்போது அறுக்கிற வட்டு போட்ட சிறு மோட்டார் வைத்து, தண்ணீர் தொட்டு, முகக்கவசத்துடன், திறந்த வெளியில் வெட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அலுமினியத்துக்குப் பிளம்பர் வைத்திருக்கும் சின்னக் குழாய் வெட்டியே போதும், வெட்டிய வாயின் பிசிறை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பழங்காநத்தம்: போட்டியில் ஒத்துக்கொள்வார்களா?

உலக வில்வித்தை விதியில் தண்டு 9.3 மி.மீ.-க்கு மேல் பருமனாக இருக்கக் கூடாது, 2117 பூண் 8.33 என்பதால் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் லாங்போ (பழைய பாணி நீள வில்) பிரிவில் மர அம்புதான் எய்ய வேண்டும், நம் நாட்டு மூங்கில் வில் போட்டியான இந்தியன் ரவுண்டிலும் கார்பனுக்கு இடமில்லை. போகுமுன் நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பூண் போட்ட அம்பு காட்டுப்பன்றிக்குத் தாங்குமா?

இதற்கு நான் உதவ மாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பயிர் அழிகிறது என்றால் வனத்துறையில் எழுதிக் கொடுங்கள்.

அலங்காநல்லூர்: மகனுக்கு 12 வயது, 18 பவுண்டு இழுவிசையுள்ள வில். அவன் அம்புக்கும் போட வேண்டுமா?

வேண்டாம் ஐயா. அந்த வேகத்தில் அம்பு முன்பக்கம் பிளப்பது அபூர்வம், முன்னால் எடை ஏறினால் அவன் அம்பு பாதி வழியிலேயே தாழ்ந்துவிடும், பையன் சோர்ந்துபோவான். அதற்குப் பதிலாக நீங்கள் இருவரும் ஒரு காலை நேரம் ஒதுக்கி, குறிக்குப் பின்னால் இருக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, தேங்காய் நார் அடைத்த சாக்கு நாலு அடுக்கி வையுங்கள். அன்று எங்கள் தோப்பில் உடைந்த ஏழில் ஐந்து, குறியைத் தாண்டிப் போய்க் கல்லில் மோதியவை. இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அந்த வேலையைத்தான் செய்யப் போகிறோம், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.