பெரியம்மா பதில்கள்

கேள்வி: பெரியம்மா, எனக்கு வயது 41. பகலெல்லாம் எங்கள் மளிகைக் கடையில் நிற்கிறேன். காலையில் தனியாக நடக்கக் கிளம்பினால், "துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போ" என்கிறார் மாமியார். மத்தியானம் பர்மிய நாவலைக் கையில் எடுத்தால், "தமிழ்ப் புத்தகமாவது படிக்கக்கூடாதா?" என்று குத்தல். எனக்கென்று ஒரு மணி நேரம் கேட்பது தப்பா?
– ரங்கூன், தாமுவே வாசகி

பதில்: கேட்டால் கிடைக்காது மகளே, எடுத்துக்கொள். நான் எடுத்த விதம் மட்டும் வேண்டாம். இரண்டு வருஷம் காளியம்மன் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுக் கண்டோஜி ஏரிக்குப் பஸ் ஏறினவள் நான். (எங்கள் வயசுக்காரர்களுக்கு அது இன்னும் ராயல் லேக்தான்.) கிழக்குக் கரையில், ராஜ படகு வடிவில் கட்டின காரவெய்க் மண்டபத்துப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் இளஞ்சூடாக விழும், எதிரே தண்ணீரில் ஷ்வேடகோன் பகோடா தலைகீழாக ஆடும். ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் நெற்றியைப் பார்த்துவிட்டார். "குங்குமம் எங்கேடி?" மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "பேச்சுத்துணைகூட இல்லாமலா?" என்றுதான் ஆச்சரியப்பட்டார். அதற்குத்தானே போவதே! துணை வந்தால் தங்கத்தின் விலை, நாத்தனார் சண்டை, கரன்ட் வரும் நேரம் என்று வீடே கூட நடந்து வரும்.

ஆனாலும் உன் மாமியார் பயத்தில் பாதி நியாயம். நன்றாக விடிந்த பிறகு போ. ஆள் நடமாட்டமுள்ள வழியாகப் போ. திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போ. காதில் பாட்டுக் கேட்கிற இயர்போன் மாட்டாதே.

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 நாள், 30 நிமிடம், தீர்ந்தது. பேச முடியவேண்டும், பாட மூச்சு வரக்கூடாது, அந்த வேகம். கடையில் நிற்பது இதில் சேராது, கால்தான் வீங்கும்.

நாவல் விஷயத்துக்கு வருகிறேன். 1960களில் தமிழ்ப் பள்ளிகள் அரசுடைமையாகிப் போய் எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்தவள் நீ. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாஷையில் கதையின் ருசி எங்கே தெரியும்? உன் கண் ஓடுகிற எழுத்தில் படி. தமிழை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து படி. அது கடமை, இது ஆசை, இரண்டையும் ஒரே சட்டியில் போடாதே. உன் பேட்டையில் வாடகைப் புத்தகக் கடை இருந்தால் அங்கேயே எடு. திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்ற பயத்தில் தினம் இருபது பக்கம் தானாக ஓடும். மத்தியானம் வியாபாரம் மந்தமான வேளையில் முடித்துவிடு. ராத்திரிக்குத் தள்ளினால் கரன்ட்டும் இருக்காது, கண்ணும் திறக்காது.

கேள்வி: ஏரியைச் சுற்றினாலும் மனசு கடன் கணக்கைத்தான் சுற்றுகிறது. என்ன செய்ய?
– மோல்மேன் வாசகர்

பதில்: முந்தின நாள் படித்த கதையை மனசில் எடுத்துப் போ, தம்பி. ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதையில் ஒருமுறை பழைய தமிழ்த் தொடர்கதை ஒன்று கிடைத்தது. யாரோ புண்ணியவதி பத்திரிகையிலிருந்து கிழித்துக் கிழித்துத் தைத்து வைத்தது. கடைசி அத்தியாயம் இல்லை. ஊருக்குப் போகக் கப்பல்துறைக்கு வந்த பெண் ஏறினாளா இல்லையா, தெரியாது. நடக்கும்போது நான்தான் முடித்துவைக்கிறேன். இதுவரை நாலு தடவை ஏறிவிட்டாள். போன வாரம் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மொகிங்கா, அதுதான் நம்மூர் மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டாள்.