வாசகர் கேள்வி – பதில்: கைவேலைக்குக் கூலி, சொல்லுக்குக் கூலி

கேள்வி: என் மகள் இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சமையலை வீடியோ எடுத்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட்டு வருகிறாள். சென்ற மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், “பெண் இன்ஃப்ளூயன்சராமே?” என்று கேட்டதும், “நான் கன்டென்ட் கிரியேட்டர்” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திருத்தினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?
– ஒரு தாய், செம்பூர்

பதில்: கோபத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. உங்கள் மகள் வத்தக்குழம்பு வைப்பதாகக் கொள்வோம். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்கும் அந்த ஒரு நொடியைப் பிடிப்பதற்காக அடுப்பை மூன்று முறை அணைத்து ஏற்றி, நடுவே குறுக்கிட்ட மும்பை ஹார்பர் லைன் ரயிலின் இரைச்சலை வெட்டியெறிந்து, புளியின் அளவைத் திரையில் எழுத்தாகப் போட்டு அவள் வெளியிடுகிறாள். பார்ப்பவருக்கு அவள் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை. முகத்தையும் பெயரையும் எடுத்துவிட்டாலும் அந்த வீடியோவுக்குப் பயன் உண்டு. அது படைப்பு. மறுநாள் அதே அடுப்படியில் நின்று, “எங்கள் வீட்டில் இந்த எண்ணெய்தான், நீங்களும் வாங்கிப் பாருங்கள்” என்று சொன்னால், பார்ப்பவர் அவளை நம்பித்தான் எண்ணெயை வாங்குகிறார். அந்த இடத்தில் அவள் இன்ஃப்ளூயன்சர் ஆகிவிடுகிறாள்.

பணம் வரும் வழியைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த சேனலுக்கு யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு தருகிறது. நீண்ட வீடியோக்களில் அந்தப் பங்கு 55 விழுக்காடு. வீடியோவைப் பார்த்தவர்கள் எதையும் வாங்கினார்களா என்பது அங்கே கணக்கில்லை. இன்ஃப்ளூயன்சருக்குக் கூலி கொடுப்பது பொருளை விற்கும் நிறுவனம். அது கொடுப்பது அவருடைய சொல்லுக்கு. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனலானது. மக்கள் அங்கே கூடியது அண்டாவையும் வயல்வெளியையும் பார்க்கத்தான். எதை வாங்கலாம் என்று கேட்க அல்ல.

ஆனால் ஒரே ஆள் திங்கட்கிழமை படைப்பாளியாகவும் செவ்வாய்க்கிழமை இன்ஃப்ளூயன்சராகவும் இருப்பது இன்று சாதாரணம். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, மறு மாதமே இன்ஸ்டாகிராமின் குறுவீடியோ வடிவமான ரீல்ஸ் இங்கே வந்த பிறகு, அரை நிமிடத்துக்குள் முகமும் சரக்கும் ஒன்றாகவே வந்து நிற்பதால் பெயர்களும் கலந்துவிட்டன. ஆகவே பெயரை ஆளுக்குச் சூட்டுவதைவிட ஒவ்வொரு வீடியோவுக்கும் சூட்டுவதே சரி என்பது என் கருத்து. (வந்தவர்கள் ஃபாலோயர் எண்ணிக்கையையும் விசாரித்திருந்தால், அவர்களைப் பற்றி நீங்களும் கொஞ்சம் விசாரிப்பது நல்லது.)

கேள்வி: காப்பித்தூள் கடை வைத்திருக்கிறேன். ஒருவர், தமக்கு மூன்று லட்சம் ஃபாலோயர்கள் இருப்பதாகச் சொல்லி ஒரு ரீல்ஸுக்குப் பெரிய தொகை கேட்கிறார். இன்னொருவர், எங்கள் கடைப் பக்கத்துக்கே நான்கு வீடியோக்கள் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். யாரைப் பிடிப்பது?
– ஒரு வணிகர், மாட்டுங்கா

பதில்: இரண்டாமவர் உங்களுக்கு விற்பது படப்பிடிப்பு வேலை. அவருக்கு ஃபாலோயரே இல்லாவிட்டாலும் குறையில்லை. முன்பு எடுத்தவற்றைப் பார்த்து விலை பேசுங்கள், அந்த வீடியோக்களை எத்தனை காலம், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலாமவர் விற்பது தம்முடைய கூட்டத்தை. அந்தக் கூட்டம் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்பதை இன்ஸ்டாகிராமே அவருக்குக் காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று லட்சம் பேரும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தால், அவர்களில் ஒருவரும் உங்கள் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி அரைக்கிலோ பீபெரி காப்பித்தூள் கேட்கப் போவதில்லை. காட்டத் தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பொங்கலன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதை எடுத்துப் போட்டேன், நிறையப் பேர் பார்த்தார்கள். அதைக் கண்டு ஒரு நிறுவனம் 30,000 ரூபாய்க் கைபேசியை இலவசமாக அனுப்பி, அதைப் பற்றி நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறது. பணம் எதுவும் தரவில்லை. நான் படைப்பாளிதானே, விளம்பரம் என்று குறிப்பிட வேண்டுமா?
– ஓர் இளைஞர், தாராவி

பதில்: கட்டாயம் குறிப்பிட வேண்டும். நீங்கள் உங்களை என்ன பெயரிட்டு அழைத்துக்கொள்கிறீர்கள் என்பதை விதிமுறை பார்ப்பதில்லை. பொருளுக்கும் உங்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டா என்பதை மட்டுமே பார்க்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் நலத்துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கேட்காமலே வந்த இலவசப் பொருள், தள்ளுபடி, ஓட்டல் தங்கல், ஏன், உறவுமுறைகூட அந்தக் கணக்கில் சேரும். சித்தப்பா கடையைப் புகழ்ந்தாலும் சித்தப்பா கடை என்று சொல்லத்தான் வேண்டும். அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும் வர வேண்டும். கீழே ஹேஷ்டேக் குவியலில் ஒளித்து வைப்பது செல்லாது. விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021 ஜூன் முதல் நடப்புக்குக் கொண்டுவந்த நெறிகள், அறிவிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்கலாம் என்கின்றன. எனவே தமிழ் வீடியோவில் ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே போடலாம். தவறான விளம்பரம் என்று முடிவானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் போகும்.

வரியும் உண்டு. 2022 ஜூலை முதல், தொழில் வழியாக ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளோ சலுகையோ வந்தால், தருபவர் 10 விழுக்காடு வரி பிடித்தம் கட்ட வேண்டும். உங்கள் கைபேசி அந்த வரம்பைத் தாண்டுகிறது. படம் எடுத்து முடித்ததும் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்தப் பிடித்தம் இல்லை. வைத்துக்கொள்வதானால் அவர்களிடம் பான் எண்ணைக் கொடுத்து, பிடித்தம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைபேசியின் விலையை வருமானத்தில் காட்டுங்கள்.