ஓஹையோ மாநிலமானது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மேற்கு நோக்கிய குடியேற்றம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரு பிரதேசத்தில் 60,000 பேர் சேர்ந்தால் அது மாநிலமாகலாம் என்ற 1787ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால் 1800 கணக்கெடுப்பில் ஓஹையோ பகுதியின் மக்கள்தொகை 45,365 மட்டுமே. 1803இல் அது மாநிலமாகிவிட்டது. கணக்கு உதைக்கிறதே? கோடரியோடு காட்டுக்குள் போனவர்கள் தங்கள் உழைப்பால் ஒரு மாநிலத்தையே உண்டாக்கிவிட்டார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நடைமுறையில் ஒருவர் அங்கே நிலம் வாங்கியது எப்படி? அங்கிருந்து மாநில அந்தஸ்து வரை போனது எப்படி? ஓஹையோ 1953இல்தான் முறைப்படி மாநிலமானது என்றும் ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

60,000 என்பது பிரதேசத்தின் உரிமைக்கான எண். அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் அமெரிக்க காங்கிரஸ் மறுக்க முடியாது. தொடாவிட்டால் சேர்க்கவே கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதே ஷரத்தின் கடைசிப் பகுதி, நாட்டின் பொதுநலனுக்கு ஒத்துவந்தால் அதற்கு முன்பே, குறைந்த எண்ணிக்கையிலும் அனுமதிக்கலாம் என்கிறது. ஓஹையோ உள்ளே வந்தது இந்த வாசல் வழியாகத்தான். 1802இல் காங்கிரஸ் அதை ஏன் திறந்தது என்று கேட்டால், கோடரியைவிட நிலப்பத்திரத்துக்கே அதில் பங்கு அதிகம் என்பேன்.

கோடரியோடு முதலில் போனவர்களை அரசு வரவேற்கவில்லை. ஓஹையோ ஆற்றின் வடகரையில் குடிசை போட்டவர்களை 1785இல் ராணுவத்தை அனுப்பி விரட்டியது, குடிசைகளைக் கொளுத்தியது. படை திரும்பியதும் அவர்களும் திரும்பி வந்தார்கள். மஸ்கிங்கம் ஆறு கலக்குமிடத்தில் ஹார்மர் கோட்டை எழுந்ததற்கு இவர்களும் ஒரு காரணம். சுதந்திரப் போரின் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அரசிடம் விற்பதற்கென்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். அதில் ஒருவர் சும்மா வந்து உட்கார்ந்தால் விடுவார்களா?

விற்க வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். 1785 மே 20ஆம் தேதிச் சட்டப்படி 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. கருவி, குண்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம்மூர் ஏக்கர் சென்ட் கணக்கும் இதோடு ஒட்டியதுதான். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி அளந்தால் சரியாக 10 சென்ட்.

அரசின் நில அளவைப் பொறுப்பாளர் தாமஸ் ஹட்சின்ஸ் 1785 செப்டம்பர் 30 அன்று பென்சில்வேனியாவின் மேற்கெல்லை ஓஹையோ ஆற்றைத் தொடும் புள்ளியிலிருந்து மேற்கே அளக்கத் தொடங்கினார். வடக்கு தெற்காக அடுக்கிய டவுன்ஷிப்கள் ஒரு வரிசை. ஏழு வரிசைகள் என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதி முழுக்க மேடும் பள்ளமும். சரிவில் சங்கிலியைத் தரையோடு இழுத்தால் தூரம் கூடுதலாக விழும்: காகிதத்தில் 640 ஏக்கர், தரையில் அதைவிடக் குறைவு. அதனால் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் அதற்கும் வழியில்லை என்பதால் 33 அடி அரைச்சங்கிலியைக் கொண்டுபோவார்கள். மாறாக, கண்ணிகளை இணைக்கும் வளையங்கள் தேயத் தேயச் சங்கிலி நீண்டுவிடும். அப்போது வாங்குபவருக்கு லாபம். திசைகாட்டி முள் காட்டுவது உண்மை வடக்கையல்ல, அந்த விலகலும் இடத்துக்கு இடம் மாறும். கணிக்காமல் விட்டால் அடுத்தடுத்த கோடுகள் மூலையில் சந்திக்காது. இத்தனைக்கும் டவுன்ஷிப்பின் வெளி எல்லைகளை மட்டும்தான் நடந்து அளந்தார்கள். மைலுக்கொரு அடையாளம், மரங்களில் வெட்டுக்குறி. உள்ளே இருந்த செக்‌ஷன் கோடுகள் வரைபடத்தில் மட்டுமே இருந்தன.

இவ்வளவு குறையிருந்தும் அந்த முறைதான் ஜெயித்தது. சயோட்டோ ஆற்றுக்கும் லிட்டில் மயாமி ஆற்றுக்கும் நடுவே வர்ஜீனியா தன் போர்வீரர்களுக்காக ஒதுக்கிக்கொண்ட பகுதியைப் பார்த்தால் காரணம் புரியும். அங்கே பழைய வழக்கப்படி நான்கெல்லை எழுதினார்கள்: இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை, அங்கிருந்து இன்னாருடைய மூலை வரை. மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று. நல்ல மண்ணைத் தேடித்தேடி ஒருவர் மேல் ஒருவர் அளந்துகொண்டதால் ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று உரிமைகள். தலைமுறை தலைமுறையாக வழக்கு நடந்தது. சதுரக் கட்டத்தில் ‘இத்தனையாம் வரிசை, இத்தனையாம் டவுன்ஷிப், இத்தனையாம் செக்‌ஷன்’ என்றாலே போதும், பத்திரம் ஒரு வரியில் முடிந்துவிடும்.

விலையில்தான் சட்டம் சறுக்கியது. குறைந்தபட்சம் 640 ஏக்கர், ஏக்கருக்கு ஒரு டாலர், ஏலம் தொலைவில் நியூயார்க்கில். சாதாரண விவசாயி 640 டாலருக்கு எங்கே போவார்? அரசு மொத்த வியாபாரிகளிடம் போனது. ரூஃபஸ் புட்னம், மனாசே கட்லர் ஆகியோரின் ஓஹையோ கம்பெனி, மதிப்பிழந்த போர்க்காலக் கடன்பத்திரங்களைக் கொடுத்து நிலம் வாங்கி, 1788 ஏப்ரல் 7 அன்று 48 பேரோடு மாரியெட்டாவில் இறங்கியது. அது ஒழுங்காக நடந்த கதை. இன்னொரு மொத்த வியாபாரி ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் தனக்குக் கிடைத்த எல்லைக்கு வெளியே இருந்த நிலத்தையும் சேர்த்து விற்றார். சயோட்டோ கம்பெனி தன் கையில் இல்லாத நிலத்தையே பாரிஸில் விற்றது. அதை நம்பி 1790இல் கல்லிபொலிஸில் வந்திறங்கிய பிரெஞ்சுக்காரர்களின் கையிலிருந்தது வெற்றுக் காகிதம். கடைசியில் 1795இல் காங்கிரஸ்தான் 24,000 ஏக்கர் கொடுத்து அவர்களைக் கரைசேர்த்தது.

1796இல் விலை ஏக்கருக்கு 2 டாலராக ஏறியது. திருப்பம் 1800 மே 10ஆம் தேதிச் சட்டம். அதைக் கொண்டுவந்தவர் பிரதேசத்தின் சார்பில் காங்கிரஸில் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது என்ற நிலையில் இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன். குறைந்தபட்சம் 320 ஏக்கர் என்றானது. மொத்தம் அதே 640 டாலர்தான், ஆனால் தவணையில். வாங்கும் அன்று இருபதில் ஒரு பங்கு, அதாவது 32 டாலர். 40 நாளுக்குள் அதையும் சேர்த்து 160 டாலர் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் போய்விடும். மீதி மூன்று கால்பங்குகள் இரண்டு, மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளில், 6 சதவீத வட்டியோடு. நில அலுவலகங்களும் மாரியெட்டா, சின்சினாட்டி, சில்லிக்காத்தி, ஸ்டூபென்வில் என உள்ளூருக்கே வந்தன.

வந்தவர் செய்த முதல் வேலை மரத்தை வெட்டுவதல்ல. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிடுவது. மரம் நின்றபடியே பட்டுப்போகும், இலை உதிர்ந்து வெயில் இறங்கும். இடைவெளிகளில் சோளம் ஊன்றிவிடலாம், வேரைத் தோண்டத் தேவையில்லை. பிறகு சில ஆண்டுகளுக்குக் காய்ந்த கிளைகள் பயிர்மேலும் மாட்டின்மேலும் விழும், அது தனித் தொல்லை. சோளத்தை அப்படியே மலை தாண்டிக் கொண்டுபோனால் வண்டிக்கூலிகூடத் தேறாது. அதனால் பன்றிக்குப் போட்டார்கள், விஸ்கியாக வடித்தார்கள், படகில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். தவணை கட்ட ரொக்கம் வேண்டுமே.

ஆக, 1800க்குப் பிறகு வந்தவர்களில் பலர் அரசாங்கத்துக்கே கடன்காரர்கள். கடைசித் தவணை கட்டும்வரை பட்டயம் கையில் வராது. 1787 சட்டமோ வாக்களிக்க 50 ஏக்கர் சொந்த நிலம் கேட்டது. மேலே ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர், காங்கிரஸ் நியமித்தவர். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் ஆனதும் 1799இல் சட்டமன்றம் கூடியது. ஆனால் ஆளுநரின் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. புதிய மாவட்டங்களை உருவாக்கும் மசோதாக்களை அவர் தள்ளுபடி செய்தார், அந்த அதிகாரம் தனக்கே என்றார். மாவட்டத் தலைநகர் எந்த ஊருக்கு வருகிறதோ அந்த ஊரில் நீதிமன்றம், சாலை, மனை விலை எல்லாம் ஏறும். சில்லிக்காத்தியில் நிலம் வைத்திருந்த நதானியேல் மாசி, தாமஸ் வொர்த்திங்டன் போன்றவர்களின் மடியிலேயே அவர் கை வைத்தார். மாநிலக் கோரிக்கையின் சூடு இங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன். சுதந்திர வேட்கை என்று மட்டும் எழுதுவது அரைக்கதை.

ஆளுநர் சயோட்டோ ஆற்றை எல்லையாக்கிப் பிரதேசத்தைப் பிளந்து மாநிலமாவதைத் தள்ளிப்போடப் பார்த்தார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. அதிபர் ஜெஃபர்சனின் கட்சிக்குப் புதிய மாநிலம் தன் பக்கம் வரும் என்ற கணக்கு இருந்தது. 1802 ஏப்ரல் 30ஆம் தேதிச் சட்டம் எதிர்க்கட்சி ஆதரவு இருந்த டெட்ராய்ட் பகுதியை வெளியே விட்டது. ஓராண்டு குடியிருந்து வரி கட்டிய குடிமகன் எவரும் அரசியல் நிர்ணய சபைக்கு வாக்களிக்கலாம் என்றது. 50 ஏக்கர் நிபந்தனை அங்கே உடைந்தது. கூடவே ஒரு பேரமும் இருந்தது: 16ஆம் செக்‌ஷன்கள் பள்ளிகளுக்கு, உப்பு ஊற்றுகள் மாநிலத்துக்கு, நில விற்பனை வருவாயில் 5 சதவீதம் சாலைகளுக்கு. பதிலுக்கு, அரசு விற்கும் நிலத்துக்கு 5 ஆண்டு மாநிலம் வரி போடக்கூடாது.

35 பேர் சபை நவம்பர் 1 அன்று சில்லிக்காத்தியில் கூடி 29ஆம் தேதி முடித்தது. மக்கள் வாக்கெடுப்பு கிடையாது. புதிய ஆளுநருக்கு மறுப்பதிகாரமே தரவில்லை. செயின்ட் கிளேர்மீதான கோபம் அப்படி. அடிமைமுறைக்குத் தடை தொடர்ந்தது. ஆனால் கறுப்பினத்தவரின் வாக்குரிமை சமவாக்கில் நின்று, சபைத் தலைவர் எட்வர்ட் டிஃபினின் ஒற்றை வாக்கில் விழுந்தது. அவரே முதல் ஆளுநர்.

1953 விஷயம் சிறியது. 1803 பிப்ரவரி 19ஆம் தேதிச் சட்டம் அமெரிக்கச் சட்டங்கள் ஓஹையோவில் செல்லும் என்றது. ‘சேர்த்துக்கொள்கிறோம்’ என்ற தனித் தீர்மானத்தை யாரும் போடவில்லை. 150ஆம் ஆண்டு விழாவில் அது கண்ணில்பட, முதல் சட்டமன்றம் கூடிய 1803 மார்ச் 1ஐயே தேதியாக வைத்து 1953இல் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பும் ஓஹையோ மாநிலமாகத்தான் இருந்தது.

இதில் எதுவும் காலி நிலத்தில் நடக்கவில்லை. மயாமிப் பூர்வகுடித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானிப் பூர்வகுடித் தலைவர் ப்ளூ ஜாக்கெட்டும் 1791 நவம்பர் 4 அன்று இதே செயின்ட் கிளேரின் படையில் 600 பேருக்கு மேல் கொன்றார்கள். 1794இல் ஃபாலன் டிம்பர்ஸில் தோற்ற பிறகே, 1795 கிரீன்வில் ஒப்பந்தத்தில், பூர்வகுடிகள் தெற்கையும் கிழக்கையும் விட்டுக்கொடுத்தார்கள். அதன்பின்தான் குடியேற்றம் பெருகியது. அந்த ஒப்பந்தக் கோட்டுக்கு வடமேற்கே இருந்த நிலத்தை அவர்கள் விற்கவே இல்லை. 1802இல் வரைந்த மாநில எல்லை அதையும் உள்ளே வைத்துக்கொண்டது. பிறகு 1805, 1817 ஒப்பந்தங்களில் அது கைமாறியது. வயண்டாட் மக்களின் கடைசிக் கூட்டம் 1843இல் ஓஹையோவைவிட்டு கான்சாஸ் பக்கம் போனது.