300 கட்டுரை எழுதியவர் பெரிய விஞ்ஞானியா?

கேள்வி: உயிர்மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில், ‘300-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், 18,000 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 60’ என்று படித்தேன். இவர் பெரிய விஞ்ஞானி என்று முடிவு கட்டிவிடலாமா?

பதில்: அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரியாவது இருந்ததா? இருந்திருந்தால் நீங்கள் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள்.

எச்-இண்டெக்ஸ் 60 என்றால், அவருடைய கட்டுரைகளில் 60 கட்டுரைகள் ஒவ்வொன்றும் பிற ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 60 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. உயிரியல் துறையினருக்கு இந்த எண் இயற்பியலாளர்களைவிடக் கூடுதலாக வருவதை அவரே அப்போது குறிப்பிட்டிருந்தார். ஆகவே, துறையையும் வயதையும் மறைத்துவிட்டு 60 என்று மட்டும் சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. ஐந்தே கட்டுரை எழுதியவர் அவற்றால் மருத்துவத்தையே மாற்றியிருந்தாலும், இந்தக் கணக்கில் ஐந்துக்கு மேல் போக முடியாது.

300 கட்டுரை என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இத்துறையில், ஒரு கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத்தின் தலைவருடையது. இடையில் நிற்பவர் சிந்தித்தவரா, திசு மாதிரி கொடுத்து உதவியவரா என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அறுவை சிகிச்சையும் கோவிட் தடுப்பூசியும் பற்றி 2021-இல் வெளியான ஓர் ஆய்வுக்கு 15,000-க்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். அத்தனை பேருடைய கணக்கிலும் அது ஒரு கட்டுரையாகச் சேர்ந்துவிடும். புதிதாக எதையும் கண்டறியாமல் பிறர் கண்டறிந்தவற்றைத் தொகுத்துத் தரும் ரிவ்யூ கட்டுரைகள் பெரும்பாலும் அதிக மேற்கோள் பெறுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் என்பது பாராட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைத் தவறென்று காட்ட எடுத்தாண்டவர்களும் அதன் மேற்கோள் எண்ணிக்கையைத்தான் கூட்டினார்கள். மறுபக்கம், உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது ஆலிவர் லவ்ரி 1951-இல் எழுதிய கட்டுரை. 2014 வாக்கிலேயே அதன் மேற்கோள் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது எந்த நோயின் காரணத்தையும் சொல்லவில்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்னது. ஆய்வுக்கூடம் தோறும் பயன்பட்டதால் எண் ஏறியது. அது ஒரு மகத்தான கட்டுரை அல்ல என்று லவ்ரியே பின்னாளில் எழுதினார். (அந்த வரவேற்பு உள்ளூர மகிழ்ச்சி தருவதையும் மறைக்கவில்லை, மனிதர் நேர்மையானவர்.)

எனவே அந்தக் குறிப்பை எழுதியவரிடம் கேளுங்கள்: 300-இல் எந்தக் கட்டுரை இல்லாவிட்டால் துறைக்கு இழப்பு? அதில் இவர் செய்தது என்ன? வேறு ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு வந்ததா?

இந்தக் கேள்விகளுக்குச் சிறிய பட்டியலே பதில் சொல்லிவிடுவதும் உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய சம்பு நாத் தே, காலரா கிருமிகளை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை முற்றிலும் நீக்கிவிட்டு, எஞ்சியதை முயலின் சிறுகுடலில் செலுத்தினார். குடலில் நீர் கோத்தது. அதாவது, உடலின் நீரை வெளியேற்றிக் கொல்வது கிருமி சுரக்கும் நச்சு என்பது தெளிவாயிற்று. 1959-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை தொடக்கத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளின் மேற்கோள் கணக்கை மட்டும் வைத்து எடை போட்டிருந்தால், அவர் பெயர் எந்தத் தேர்வுக் குழுவின் மேசைக்கும் வந்திருக்காது. பின்னாளில், நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அதே பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு தே அழைக்கப்பட்டார். 1985-இல் அவர் மறைந்தார். அந்தக் கட்டுரையின் மதிப்பை மறு ஆண்டே விரிவாக எடுத்தெழுதியவர் யார் தெரியுமா? மேற்கோள்களை எண்ணும் அட்டவணையையே 1964-இல் வணிகமாக வெளியிடத் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்ட்.