செங்குருதி முன்னோடிச் செல்களில் சிடி45 தெரிவது பிழையா?

தொப்புள்கொடி இரத்தத்தை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு, அவற்றின் மேற்பரப்புப் புரதங்களான குறிப்பான்களை அளக்கும் கருவி) பார்த்தபோது, சிவப்பணுவாக முதிரவிருக்கும் முன்னோடிச் செல்களின் குறிப்பான்களான சிடி71, சிடி235ஏ இரண்டும் கொண்ட செல்களில் ஒரு பகுதி சிடி45-ஐயும் காட்டியது, இது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அது பிழையல்ல. வெள்ளையணுக்களின் அடையாளமாக நாம் பழகிய சிடி45, செங்குருதி முன்னோடிச் செல்களின் தொடக்க நிலைகளிலும் மங்கலாக இருந்து, அவை முதிர முதிரக் குறைந்து, உட்கரு வெளியேறும் கட்டத்துக்கு முன்பே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் செல்களில் ஒரு கூட்டம் லிம்போசைட்டுகளுக்கு (ஒருவகை வெள்ளையணுக்கள்) இணையாகப் பளிச்சென்று தெரிகிறது என்கிறீர்களே, அதைத்தான் நான் சந்தேகிப்பேன். ஒரு வெள்ளையணுவும் ஒரு செங்குருதிச் செல்லும் ஒட்டிக்கொண்டு கருவியைக் கடந்தால், இரண்டின் குறிப்பான்களும் ஒரே செல்லுக்கு உரியவை போலப் பதிவாகும். உடைந்த சிவப்பணுக்களின் சவ்வுத் துணுக்குகள் வெள்ளையணு மீது படிந்தாலும் இதே தோற்றம் வரும்.

1. முன்சிதறல் (செல் முன்னோக்கிச் சிதறடிக்கும் ஒளி) துடிப்பின் பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வரைந்து, மூலைவிட்டத்திலிருந்து விலகும் புள்ளிகளை, அதாவது ஒட்டிக்கொண்ட செல்களை, நீக்குங்கள். இறந்த செல்களையும் சாயத்தால் விலக்குங்கள்.

2. மீதமுள்ளவற்றில் டி செல், மோனோசைட், பி செல் ஆகிய வெள்ளையணுக்களின் குறிப்பான்களான சிடி3, சிடி14, சிடி19 பாருங்கள். பளிச்சிடும் கூட்டம் இவற்றில் ஒன்றைக் காட்டினால் அது கலப்படமே.

சிடி71-ஐ மட்டும் நம்ப வேண்டாம். தூண்டப்பட்ட டி செல்களும் அதைக் கொண்டிருக்கும். அதேபோல், மங்கலான சிடி45 கூட்டத்தைக் குப்பை என்று வெட்டிவிடாதீர்கள். பிறந்த எலிக்குட்டிகளில் சிடி71 கொண்ட செங்குருதிச் செல்கள் ஆர்ஜினேஸ்-2 என்ற நொதி வழியாக நோயெதிர்ப்பை அடக்குவதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதத் தொப்புள்கொடி இரத்தத்திலும் அத்தகைய செல்கள் உண்டு.